தவளைக்காலுக்கு எண்ணெய் போட்ட கதை

முப்பத்தோரு வருட வேலையில் நான் ஏணியிலிருந்து ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்று உங்களிடம் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மைதான், விழுந்ததில்லை. தொங்கியிருக்கிறேன். தொங்கியதை யாரும் ரிஜிஸ்டரில் எழுதவில்லை, அதனால் என் பெயர் சுத்தமாக இருக்கிறது.

எலக்ட்ரிக்கல் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தத் தொங்கலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். போன மாதம் மில்லுக்கு வந்தபோது உங்கள் ஏணிகளைப் பார்த்தேன். அலுமினிய ஏணி. அடியில் இரண்டு பக்கமும் விரிகிற ஸ்டெபிலைசர் கால்கள். பொத்தானை அமுக்கினால் டக்கென்று பூட்டிக்கொள்கின்றன. உங்களில் ஒருவர், பெயர் மறந்துவிட்டது, மீசை மட்டும் ஞாபகம் இருக்கிறது, "இது இருந்தா கீழ ஆளே வேண்டாம் சார்" என்று பெருமையாகச் சொன்னார். அதே வார்த்தையை, அதே பெருமையோடு, அதே மில்லில் நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

அது எண்பதுகளின் கடைசி. நான் வயர்மேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் காலை பஸ் ஏறி இராஜபாளையம் வருவேன். வேலையில் நான் கெட்டிக்காரன். இதை நானே சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தக் காலத்தில் நான் ஒருவன்தான் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது எங்களுக்கு இருந்தது பதினாறு அடி மூங்கில் ஏணி. மில் தரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருடக்கணக்காகப் பஞ்சும் மெஷின் எண்ணெயும் பட்டுப் பட்டு வழுவழுவென்று இருக்கும். அதனால் ஒருவர் மேலே ஏறினால், இன்னொருவர் முதல் படியில் கால் வைத்து அழுத்திக்கொண்டு கீழே நிற்க வேண்டும். எனக்குக் கீழே நின்றவர் மாடசாமி, தேவதானத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். ஆனால் நான் வயர்மேன், அவர் ஹெல்பர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். நல்ல கனத்த உடம்பு. அவர் கால் வைத்துவிட்டால் ஏணி அசையாது.

அசையாமல் இருக்காதது அவர் வாய்தான். நான் மேலே டியூப் லைட்டின் சோக்கை மாற்றிக்கொண்டிருப்பேன். கீழே இருந்து குரல் வரும். "அண்ணாச்சி, செத்த பொறும், தள்ளுவண்டி வருது." கொஞ்ச நேரம் கழித்து, "ரொம்ப எட்டாதீரும், எறங்கி ஏணிய நகத்திக்குவோம்." அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, "காலையில சாப்பிட்டீரா இல்லியா, கை நடுங்குது." நாள் முழுக்க இப்படித்தான். எனக்கு எரிச்சலாக வரும். நின்றால் போதாதா, பேசவும் வேண்டுமா என்று மனதுக்குள் திட்டுவேன்.

அவர் எங்கள் பிரிவுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முன் புளோ ரூமில் இருந்தார். பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினுக்குள் போடுகிற இடம் அது, எந்நேரமும் தூசி பறக்கும். இரண்டு வருடத்தில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் சீட்டைக் காட்டி, யார் யாரையோ பார்த்துக் கெஞ்சி, ஏணிக்குக் கீழே நிற்கிற இந்த வேலைக்கு மாறி வந்தார். வந்த பிறகுதான் ராத்திரி படுத்துத் தூங்குகிறேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இனி தவளைக்கால் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெல்டர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேலை பார்க்கும்போது தன் தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். என்னைப் பற்றித்தான் என்று எனக்கு இன்று வரைக்கும் சந்தேகம். அவரிடம் ஏதோ ஒரு கேட்டலாக்கில் இருந்த வெளிநாட்டு ஏணியின் படத்தைக் காட்டினேன். பத்து நாளில் செய்து கொடுத்துவிட்டார். இரும்புக் குழாயை வளைத்து, ஏணியின் அடியில் இரண்டு பக்கமும் அகலமாக விரிந்து நிற்கிற மாதிரி இரண்டு கால். காலுக்கு அடியில் லாரி டயரை வெட்டிப் போல்ட் போட்டு முடுக்கிய ரப்பர் பாதம். கோனில் நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவுப் பெண்கள் அதைப் பார்த்த அன்றே தவளைக்கால் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அருமையான சாமான், குறை சொல்லவே முடியாது. பக்கவாட்டில் சாயவே சாயாது. மேனேஜருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. அவர் கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் முன்னால் யாரையும் பிடிக்க விடாமல் தனியாக ஏறினேன். ஏறினதோடு நிற்கவில்லை. பத்தாவது படியில் நின்று இரண்டு கையையும் விட்டு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினேன். பெண்கள் பகுதியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க, இதுவே இப்பிடி நிக்குதுன்னா, கீழ ஒரு ஆளு எதுக்குங்க நிக்கோணும்?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு உண்மையான நெருக்கடி வந்தது இங்கேதான், பிறகு தொங்கியபோது இல்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று இறங்கியிருக்கலாம். தள்ளுவண்டி வரும், சாமான் எடுத்துக் கொடுக்க வேண்டும், எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஆனால் பத்துப் படி உயரத்தில் நின்றுகொண்டு, எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்போது, யாருக்கும் புத்தி வேலை செய்யாது. "தேவையில்ல சார்" என்றேன்.

இரண்டாம் நாள் ஆபீஸ் போர்டில் உத்தரவு ஒட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் மாடசாமி புளோ ரூமுக்கு.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவர் தூக்குவாளியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "அவிய சொல்லிட்டாவ அண்ணாச்சி. நான் என்ன செய்ய" என்றார். நான் மேனேஜரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன், பேசவில்லை. பேச வேண்டும் என்றால், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் ஏணிக்குக் கீழே வாயைத் திறப்பதில்லை. நான் ஆசைப்பட்ட அமைதி கிடைத்தது, ஆனால் மேலே நிற்கும்போது என்னவோ மாதிரி இருந்தது.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. நம் மில்லில் பூஜை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரிவுக்குப் பிரிவு போட்டி. எந்தப் பிரிவு நன்றாகச் சோடித்திருக்கிறதோ அதற்குப் பரிசு ஒரு பெரிய பெட்டி பால்கோவா. பால்கோவா என் ஊர்ச் சரக்கு, எனக்கு அது அதிசயம் இல்லை. ஆனால் வருடா வருடம் நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் பிரிவுக்காரர்களே அதை வாங்கிக்கொண்டு போய், எங்கள் முன்னால் வைத்துத் தின்பார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் நான் ஒரு முடிவோடு இருந்தேன். ஏணியை நடுவில் நிறுத்தினோம். படிக்குப் படி மாவிலை கட்டி, இரண்டு பக்கமும் வாழை நட்டு, சீரியல் பல்பு சுற்றினோம். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், மீட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எல்லாம் ஜோராக இருந்தது. தவளைக்காலின் ரப்பர் பாதம் மட்டும் சாம்பல் நிறத்தில் அழுக்காகத் தெரிந்தது. தண்ணீர் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. கழிவுப் பஞ்சை எடுத்தேன். ஸ்பிண்டில் ஆயில் டப்பாவில் முக்கினேன். இரண்டு பாதத்திலும் மேலும் கீழும் அழுத்தித் தேய்த்தேன். அப்போதுதான் குளித்து எழுந்த எருமை மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து பூச்சரம் கட்டிக்கொண்டிருந்த மாடசாமி அதைப் பார்த்தார். "என்ன ஓய், எப்பிடி இருக்கு" என்று கேட்டேன். "நல்லா மின்னுது" என்றார். மறுபடி பூவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பரிசு எங்களுக்குத்தான். ரிங் ஃபிரேம்காரர்கள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துப் பாதியைத் தின்று தீர்த்தோம்.

மறுநாள் விஜயதசமி. பூஜை போட்ட சாமானைக் கையில் எடுத்து முதல் வேலையைத் தொடங்குகிற நாள். அன்றைக்குச் சாமானைத் துடைக்க மாட்டோம். சந்தனமும் குங்குமமும் அப்படியே இருக்க, முதல் வேலை அதோடே நடந்தால்தான் அந்த வருடம் ராசி என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. உங்களுக்கும் இருக்கும், மறைக்காதீர்கள். நான் அன்று பட்டுக்கரை போட்ட புது வேட்டியில் வந்திருந்தேன். வேட்டியோடு ஏணி ஏறக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

கற்பூரம் காட்டி முடிந்து, எல்லோரும் விபூதி வாங்கிக்கொண்டிருக்கும்போது, வைண்டிங் ஹாலில் தலைக்கு மேலே ஒரு டியூப் லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தது. நல்ல நாளில் விளக்கு சிமிட்டுகிறதே என்று ஒரு அம்மா முணுமுணுத்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏறுங்க, இதுவே மொத வேலையா இருக்கட்டும்."

ஏணியை மாவிலையோடு தூக்கி வந்து சாய்த்தேன். மாடசாமி பின்னாலேயே வந்தார். பத்து நாளைக்குப் பிறகு அவராக வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, காலைத் தொடச்சிட்டு..."

"பூஜை போட்டதைத் தொடைக்கச் சொல்றீரே, உமக்கு என்ன ஆச்சு" என்றேன். அதோடு விட்டேனா? மேனேஜர் காதில் விழும்படி, "இன்னைக்கு ஆளு வேண்டாம். தள்ளி நில்லும், சார் பாக்கட்டும்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு விலகிப் போனார். எங்கே போனார் என்று நான் பார்க்கவில்லை.

பதினோராவது படியில் நின்று, இரண்டு கையையும் தூக்கி டியூபைத் திருகிக் கழற்றினேன். ஏணி நகர்ந்தது. அது சாய்ந்தால் மூங்கில் கிறீச்சிடும், ஆளுக்குத் தெரியும். எண்ணெய் போட்ட ரப்பர் வழுக்கினால் ஒரு சத்தமும் வராது. படி காலுக்குக் கீழே கீழே போகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. கையில் இருந்த டியூபை விட்டுவிட்டுக் கூரை இரும்புக் கம்பியைக் கட்டிப் பிடித்தேன். டியூப் தரையில் பட்டென்று உடைந்தது. ஏணி இரண்டடி வழுக்கி நின்றது. நான் தொங்கினேன்.

அப்போதுதான் வேட்டி முடிச்சு தளர்ந்தது. ஒரு கையை எடுத்து வேட்டியைப் பிடிக்கலாம், இல்லையென்றால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடிக்கலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கீழே அறுபது பெண்கள் நின்றால் உங்களுக்கும் யோசனை வரும். கம்பியைத்தான் பிடித்தேன். பட்டுக்கரை வேட்டி நிதானமாக இறங்கி, ஏணியின் மாவிலையில் போய்ச் சிக்கிக்கொண்டது. நான் நீலக்கோடு போட்ட பட்டாபட்டியோடு கூரையில் தொங்கினேன். பாதிப் பேர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீதிப் பாதி யார் யார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

"அண்ணாச்சி." கீழே இருந்து அந்தக் குரல். "கம்பிய விடாதீரும். வலது காலை செத்த கீழ எறக்கும். இன்னும். இன்னும் கொஞ்சம். அம்புட்டுத்தான், படி இருக்கு. பயப்படாம மிதியும், நான் பிடிச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். மாடசாமி முதுகைத் தூணில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலாலும் முதல் படியை மிதித்து, ஏணியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஏணி தானாக நிற்கவில்லை, அவர் நிறுத்தியிருந்தார். அவருக்கு இழுப்பு வந்துவிட்டது, விசில் மாதிரி மூச்சு எனக்கு மேலே வரைக்கும் கேட்டது. அந்த மூச்சை வைத்துக்கொண்டு எனக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கொடுத்து இறக்கினார். தரையில் கால் பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மேனேஜர் குனிந்து ரப்பர் பாதத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "இதுல எண்ணெ போட்டது ஆருங்க?"

மெல்ல மெல்ல எல்லோருடைய பார்வையும் மாடசாமி பக்கம் போனது. இந்த ஏணியால் வேலை போகிறவர் அவர் ஒருவர்தான். மேனேஜரும் அவரைத்தான் பார்த்தார். "இந்த ஏணி மேல உங்களுக்குத்தானுங்க கோவம் இருக்கோணும்? போலீசுக்குச் சொல்ற விசயமுங்க இது."

மாடசாமி மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். எண்ணெய் போட்டது யார் என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நான் உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மாவிலையில் இருந்து வேட்டியை எடுத்தேன், உதறினேன், கட்டினேன், முடிச்சை இழுத்துப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். சும்மா இருந்தால் நான் தப்பித்துவிடுவேன், மாடசாமி மில்லை விட்டே போக வேண்டியிருக்கும். இப்போதுதான் என்னை உயிரோடு இறக்கிவிட்ட ஆள். இன்னும் விசிலடிக்கிற அந்த மூச்சுக்கு முன்னால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான்தான் சார் போட்டேன். பளபளன்னு இருக்கணும்னு போட்டேன். அவரு தொடைக்கச் சொன்னாரு, நான்தான் கேக்கல" என்றேன். ஆரம்பித்தாகிவிட்டது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று, "கீழ ஆளு தேவையில்லன்னு சொன்னதும் தப்பு சார். தவளைக்கால் வழுக்கினா சத்தமே போடாது. மாடசாமி போடுவாரு" என்றும் சொன்னேன்.

எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். மாடசாமியின் மாறுதல் உத்தரவை அன்று சாயங்காலமே போர்டில் இருந்து எடுத்துவிட்டார்கள். அதுமுதல் தவளைக்காலும் இருக்கும், கீழே ஆளும் இருக்கும் என்பது மில்லின் சட்டமானது. பரிசு ரிங் ஃபிரேமுக்குப் போய்விட்டது. நாங்கள் தின்ற பாதிப் பால்கோவாவுக்குப் பதிலாக நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து புதுப் பெட்டி வாங்கி வந்து கொடுத்தேன். அதையும் அவர்கள் என் முன்னால் வைத்துத்தான் தின்றார்கள்.

உங்கள் ஸ்டெபிலைசர் என் தவளைக்காலைவிட நூறு மடங்கு நல்ல சாமான். பூட்டுங்கள், இரண்டு காலும் ஒரே மட்டத்தில் சமமாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது ஒன்று. ஏறும் முன் ரப்பர் பாதத்தை உங்கள் கையாலேயே துடையுங்கள், அது பூஜை மறுநாளாக இருந்தாலும் துடையுங்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் கேட்டுவிட்டேன். துடைத்த பிறகு, கீழே நிற்கிறவர் என்ன சொல்கிறார் என்று முழுசாகக் கேளுங்கள்.

மாடசாமி இன்னும் ஏழு வருடம் எனக்குக் கீழே நின்றார். தொண்ணூறுகளின் நடுவில் வேலையை விட்டுத் தேவதானத்துக்கே போகிறேன் என்றார். அன்று சாயங்காலம் பிரிவில் சின்னதாகப் பிரிவு உபசாரம். எல்லோரும் போன பிறகு, ஏழு வருடமாகக் கேட்காத கேள்வியை அவரிடம் கேட்டேன். "அன்னைக்கு உம்மத் தள்ளி நிக்கச் சொல்லிட்டேனே, எப்பிடி ஓய் அம்புட்டுச் சீக்கிரம் வந்து பிடிச்சீரு?"

"நான் எங்க போனேன், தூணுக்குப் பின்னாலதான் நின்னேன்."

"வழுக்கும்னு தெரிஞ்சேவா?"

அவர் வெற்றிலையை மடித்தார். "ஒரு தடவ சொன்னேன், நீரு கேக்கல. ரெண்டாந்தடவ சொல்ல ரோஷம் விடல அண்ணாச்சி. அது எம்மேல தப்புதான், சொல்லிருக்கணும். ஆனா விட்டுட்டுப் போவவும் மனசு வரல. ரெண்டடி வழுக்கட்டும், பொறவு பிடிச்சுக்குவோம்னு நின்னேன்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேட்டி அவுறும்னு சத்தியமா நெனைக்கல" என்றார்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. ஒரு மனிதனின் மூச்சையே நான் பறிக்கப் பார்த்தேன், அவர் எனக்குக் கொடுத்த தண்டனை இரண்டடி. அதையும் தூணில் முதுகைக் கொடுத்து அளந்து கொடுத்திருக்கிறார்.

உபசாரத்துக்குக் கட்டிய காகிதத் தோரணத்தை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஏணியைச் சாய்த்தோம். நான் குனிந்து இரண்டு பாதத்தையும் உள்ளங்கையால் துடைத்தேன். அவர் முதல் படியில் கால் வைத்தார். ஏழு வருடமாக ஏறும் முன் கேட்கிற மாதிரியே அன்றும் கேட்டேன். "சொல்ல வேண்டியது ஏதும் இருக்கா மாடசாமி?"

ஏழு வருடமாகச் சொல்கிற பதிலையே அவரும் சொன்னார். "வேட்டிய இறுக்கிக் கட்டும் அண்ணாச்சி."

நான் பேண்ட்தான் போட்டிருந்தேன். இருந்தாலும் இடுப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் ஏறினேன்.